வாழ்க்கைப்படுதல்: நெல்லைச் சீமையின் ஒரு சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம், திருமணம், விவாகம், நிக்காஹ் என்று ஒரு நாள் நிகழ்ச்சிக்கு நம்மிடம் பெயர்கள் ஏராளம். அந்த நாளுக்குப் பிறகு ஆயுள் முழுக்க நீளும் பிணைப்பைச் சொல்ல, திருநெல்வேலிப் பக்கம் புழங்கும் சொல் ‘வாழ்க்கைப்படுதல்’. பேச்சில் ‘வாக்கப்படுறது’. வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளும், இந்தப் பக்கம் புதிதாக மருமகளாக வந்தவர்களும், எழுத்து வேலை செய்கிறவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே இருக்கின்றன. இங்கே நெல்லைச் சீமை என்றால் இன்றைய மாவட்டம் மட்டும் இல்லை. 1986இல் பிரிந்த தூத்துக்குடியையும் 2019இல் பிரிந்த தென்காசியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாழ்க்கைப்படுதல் என்றால் சரியாக என்ன?

ஒரு பெண் ஒருவருக்கு மனைவியாகி, அவருடைய வீட்டிலும் ஊரிலும் தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்வது. தாலி கட்டுவது ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு வருவதெல்லாம் வாக்கப்படுவதில் சேரும்: மாமியார், கொழுந்தன், அந்த வீட்டுக் கடன், அந்த ஊர்த் தண்ணீர், அந்த வீட்டுச் சாமி. நெல்லைப் பக்கம் குலதெய்வமாகச் சாஸ்தாவைக் கும்பிடும் குடும்பங்கள் நிறைய. பங்குனி உத்திரத்துக்கு ஒரு பெண் எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறாள் என்று பார்த்தாலே, அவள் எந்தக் குடும்பத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள் என்று தெரிந்துவிடும்.

‘படு’ என்று வருகிறதே, யாரோ அவளுக்குச் செய்துவைத்த காரியம் என்றா பொருள்?

அப்படித் தோன்றும், ஆனால் இலக்கணம் வேறு. ‘வெட்டப்பட்டது’, ‘அனுப்பப்பட்டான்’ என்பவற்றில் ‘படு’ ஒரு வினையோடு சேர்ந்து செயப்பாட்டு வினை ஆகிறது, செய்தவர் வேறொருவர். பெயர்ச்சொல்லோடு சேரும் ‘படு’ வேறு வகை. ஆசைப்படு, வெட்கப்படு, சிரமப்படு, கடமைப்படு எல்லாம் அந்த வரிசை. ‘உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், வேறு யாரோ அவர்மேல் ஏதோ செய்தார்கள் என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நிலைக்குள் அவரே வந்து நிற்கிறார். வாழ்க்கைப்படுவதும் அப்படித்தான். அந்த வாக்கியத்தின் எழுவாய் அவள்.

பெற்றோர் செய்த காரியத்தைச் சொல்ல வேறு வினை இருக்கிறது. ‘மூத்தவளைச் சுரண்டையில குடுத்திருக்கு’, ‘சுரண்டையில கட்டிக் கொடுத்தோம்’ என்று சொன்னால் பேச்சு பெற்றவர்களைப் பற்றியது. ‘மூத்தவ சுரண்டைக்கு வாக்கப்பட்டா’ என்றால் பேச்சு அவளைப் பற்றியது. கதை எழுதுகிறவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதைப் பார்க்கிறேன். சம்பவம் ஒன்றாக இருக்கலாம். வாசகர் யார் பக்கம் நிற்கிறார் என்பது மாறிப்போகும்.

ஆளுக்குத்தான் வாழ்க்கைப்பட முடியுமா?

இந்தச் சொல்லின் சுவையே இங்கேதான் இருக்கிறது. ‘அவருக்கு வாக்கப்பட்டேன்’ என்று ஆளைச் சொல்லலாம். ‘பெரிய குடும்பத்துல வாக்கப்பட்டா’ என்று வீட்டைச் சொல்லலாம். அதிகம் காதில் விழுவது ஊர்: ‘பாளையங்கோட்டைக்கு வாக்கப்பட்டவ’, ‘திசையன்விளைக்கு வாக்கப்பட்டுப் போனா’. புருஷன் பெயரே வராமல் முழுக் கதையும் ஊர்ப் பெயரை வைத்தே ஓடும்.

அதற்குக் காரணம் மண்தான். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று தாமிரபரணிப் பாசனத்தில் வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த பெண், சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டுக்குப் போனால் எல்லாமே மாறும். தண்ணீர் எடுக்கும் தூரம், வயலில் செய்யும் வேலை, தட்டில் விழும் சோறு எதுவும் பழையது இல்லை. சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்குப் போனால் காலடியில் செம்மணல், கண்ணுக்கு எட்டியவரை பனை. ஆளைவிட இந்த மாற்றத்துக்குப் பழகத்தான் அவளுக்கு அதிக வருசம் பிடித்திருக்கும். இதையெல்லாம் ‘கல்யாணம் ஆச்சு’ என்ற பேச்சு சொல்லாது. ‘வானம் பார்த்த பூமிக்கு வாக்கப்பட்டேன்’ என்று ஒரு கிழவி சொன்னால், வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆண்கள் வாழ்க்கைப்படுவதில்லையா?

சொல் வழக்கில் இல்லை. ஆணுக்குக் கட்டினான், முடிச்சான், கைப்பிடித்தான், ‘பாவூர்சத்திரத்துல பொண்ணு எடுத்திருக்கான்’ என்று வரும். எல்லாமே ஒரே நாளில் முடிந்துவிடும் வினைகள். நாள்கணக்கில் நீளும் வினை பெண்ணுக்கு மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது. இதில் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது என்பதுதான் என் எண்ணம். அதைச் சரிசெய்ய ‘அவன் அவளுக்கு வாழ்க்கைப்பட்டான்’ என்று எழுதிப் பார்த்தவர்கள் உண்டு. படிப்பவர் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்.

மாமனார் வீட்டில் போய் இருக்கும் ஆணுக்கு ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்று பெயர். அதிலும் லேசான இளக்காரம் ஒட்டியிருக்கும். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தாய் வீட்டுப் பக்கமே இருப்பதும், மாப்பிள்ளை அங்கே வருவதும் காலங்காலமான வழக்கம். வீடு மகளுக்கு என்று ஒதுக்கப்படுவதும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், வீடு மாறிப் போகிற ஆள் மாறிவிடுகிறார்.

பழைய இலக்கியத்தில் இந்தக் கருத்து உண்டா?

சொல்லின் பாதி திருக்குறளிலேயே இருக்கிறது. ஆறாம் அதிகாரம் ‘வாழ்க்கைத் துணைநலம்’. அதன் முதல் குறளில் மனைவிக்கு ‘வாழ்க்கைத் துணை’ என்றும், கணவனுக்குத் ‘தற்கொண்டான்’, அதாவது தன்னைக் கொண்டவன் என்றும் வருகிறது. தொல்காப்பியம் கற்பை விளக்கும்போது, கொடுக்க உரியவர்கள் கொடுக்கக் கொள்வது என்கிறது. இந்தக் கொள்ளுதலும் கொடுத்தலும் நெல்லைப் பேச்சில் இன்னும் அப்படியே இருக்கின்றன. சம்பந்தி உறவை ‘கொண்டான் கொடுத்தான்’ என்போம். ‘அவுகளும் நாங்களும் கொண்டான் கொடுத்தான்’ என்று சொல்லும் ஆச்சிக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

சடங்கு மட்டும் நிறைய மாறிவிட்டது. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் வரும் கல்யாணத்தில் பந்தல், மணல், விளக்கு, உளுந்துக் களி எல்லாம் உண்டு. பிள்ளை பெற்ற பெண்கள் நான்கு பேர் பூவும் நெல்லும் கலந்த நீரை ஊற்றி வாழ்த்துகிறார்கள். தாலியைக் காணோம், தீயைக் காணோம். அடுத்து ஆண்டாள், நெல்லைச் சீமைக்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. கனவில் கைத்தலம் பற்றுகிறாள், அம்மி மிதிக்கிறாள். அவள் கேட்பது ஓர் ஆயுள் இல்லை, ‘இம்மைக்கும் ஏழேழ் பிறவிக்கும்’.

இந்தச் சொல் மரியாதையானதா, இழிவானதா?

யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ‘நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தப்போ இங்க கரண்டு கிடையாது’ என்று ஒரு பெண் தன்னைப் பற்றிச் சொல்லும்போது, அந்தச் சொல்லில் ஓர் உரிமை இருக்கும். பெரிய கதை ஒன்று தொடங்கப்போகிறது என்று கேட்பவர் நிமிர்ந்து உட்காரலாம். ‘அவ வள்ளியூருக்கு வாக்கப்பட்டவ’ என்று மூன்றாம் ஆளைப் பற்றிச் சொன்னால் வெறும் தகவல், முகவரி மாதிரி.

முன்னிலையில் வரும்போதுதான் சொல்லுக்குப் பல் முளைக்கும். ‘வாக்கப்பட்டு வந்தவ, பேச்சைக் குறை’ என்று மாமியாரோ நாத்தனாரோ சொன்னால், நீ வெளியாள் என்று பொருள். எத்தனை வருசம் ஆனாலும் அந்த வீட்டில் அவளை வந்தவளாகவே நிறுத்திவைக்கும் பேச்சு அது. புதிதாக வந்த மருமகளிடம் விளையாட்டாகக்கூட இப்படிச் சொல்ல வேண்டாம் என்பேன். மதினி என்று கூப்பிட்டுவிட்டு, அடுத்த மூச்சில் ‘வந்தவ’ என்றால் எப்படி?

‘பேய்க்கு வாழ்க்கைப்பட்டால்’ என்ற பழமொழி?

‘பேய்க்கு வாக்கப்பட்டா புளிய மரம் ஏறித்தான் ஆகணும்.’ சில ஊர்களில் முருங்கை மரம். ஏற்றுக்கொண்ட பிறகு அதோடு வரும் தொல்லையையும் தாங்கத்தான் வேண்டும் என்பது கருத்து. முன்பு பெண்களிடம், பெரும்பாலும் அழுதுகொண்டிருக்கும் பெண்களிடம் சொல்லப்பட்டது. இப்போது அதிகம் சொல்பவர்கள் ஆண்கள், அதுவும் மேனேஜரைப் பற்றி. அடிபட்டு வந்து நிற்கும் பெண்ணிடம் இதைச் சொல்வது பழமொழி சொல்வது ஆகாது. அவளைத் திருப்பி அனுப்புவது ஆகும்.

வேலை, ஊர், கொள்கை இவற்றுக்கும் வாழ்க்கைப்படலாமா?

உருவகமாகத் தாராளமாக. ‘இந்த ஆபீசுக்கு வாக்கப்பட்டாச்சு, இனி எங்க போக?’ என்று ஆண்கள் சலித்துக்கொள்வது சாதாரணம். தமக்குக் கல்யாணத்தில் கிடைக்காத சொல்லை வேலையில் எடுத்துக்கொள்கிறார்கள் போலும். தென்காசி, ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு இந்த உருவகம் கிட்டத்தட்ட நேர்ப்பொருள். பெண் பார்க்கும்போதே பீடி சுற்றத் தெரியுமா என்று கேட்கும் வழக்கம் இங்கே இருந்தது. பிறந்த வீட்டிலும் பீடித் தட்டு, புகுந்த வீட்டிலும் பீடித் தட்டு. ‘தட்டுக்கு வாக்கப்பட்டவ’ என்றால் யாருக்கும் புரியும்.

காந்திமதி அம்பாள் நெல்லையப்பருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று சொல்லலாமா?

யாரும் சொல்வதில்லை. சாமிக்குத் திருக்கல்யாணம்தான். ஐப்பசித் திருவிழாவில் அம்பாள் கம்பா நதிக்கரையில் தவம் இருக்க, சுவாமி வந்து காட்சி கொடுக்க, அதன் பிறகு ஆயிரங்கால் மண்டபத்தில் கல்யாணம், அப்புறம் ஊஞ்சல். மரியாதையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் சொல் பொருந்தாது. வாக்கப்பட்டவள் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டுமே. காந்திமதிக்குத் தனிக் கோயில், தனிக் கோபுரம். இரண்டு கோயிலையும் இணைப்பது 1647இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபம். கேட்பவர் விளையாட்டாகத்தான் கேட்கிறார் என்று தெரியும்; ஆனாலும் இது எனக்குப் பிடித்த கேள்வி.

கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இந்தச் சொல்லைப் புழங்குகிறார்களா?

ஆமாம். சொல் ஊருடையது, மதத்துடையது இல்லை. சடங்குச் சொற்கள்தான் வேறுபடும். கிறிஸ்தவர்கள் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயத்திலோ வேறு கோவிலிலோ முதலில் ‘ஓலை வாசிப்பார்கள்’. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஆராதனையில் அறிவிப்பது அது. பிறகு, மரணம் பிரிக்கும்வரை என்று இருவரும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பார்கள். தாலியும் உண்டு, பெரும்பாலும் சிலுவை பதித்தது. நிக்காஹில் மஹர், அதாவது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மணக்கொடை பேசி, சம்மதம் கேட்டு, ‘கபூல்’ (ஏற்றுக்கொண்டேன்) சொன்னதும் ஒப்பந்தம் முடிகிறது. கருகமணி கட்டுவதும் தமிழ் முஸ்லிம்களிடம் உண்டு. இதெல்லாம் முடிந்து அவள் புருஷன் ஊருக்குப் போன பிறகு, மூன்று வீட்டிலும் வருவது ஒரே பேச்சு: ‘அவ கடையநல்லூருக்கு வாக்கப்பட்டிருக்கா.’

சட்டத்தில் இந்தச் சொல் உண்டா? எப்போது ஒரு பெண் சட்டப்படி மனைவி ஆகிறாள்?

சொல் இல்லை. சட்டத்துக்குத் தேவை, இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டார்களா என்பது. இந்துத் திருமணச் சட்டம் 1955ஆம் ஆண்டுடையது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் தமிழ்நாடு அதில் 7-அ என்ற பிரிவைச் சேர்த்தது. சுயமரியாதை, சீர்திருத்தத் திருமணங்கள் அதனால் சட்டப்படி செல்லும் ஆயின. உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற ஏதாவது ஒரு மொழியில் ‘உன்னைக் கணவனாக ஏற்கிறேன்’, ‘உன்னை மனைவியாக ஏற்கிறேன்’ என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும், புரோகிதர் தேவையில்லை.

தீயைச் சுற்றி ஏழடி வைக்கும் சப்தபதி இல்லாததால் இப்படி நடந்த கல்யாணம் செல்லாது என்று வாதிட முடியாது என 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023இல் தெளிவாக்கியது. வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நெல்லைச் சீமையில் இந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேறு வேறு மதத்தவர் மதம் மாறாமல் கல்யாணம் செய்ய 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. 30 நாள் முன்னறிவிப்பு, மூன்று சாட்சிகள். எந்த முறையில் நடந்தாலும், தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் உண்டு.

வாழ்க்கைப்பட்டுப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு உண்டா?

உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சொல்லை வைத்துத்தான் நெல்லைப் பக்கம் பல தங்கைகளின் வாயை அடைக்கிறார்கள். ‘வாக்கப்பட்டுப் போனவளுக்கு இங்க என்ன பாத்தியதை? நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு.’ பேச்சு வழக்காக இது பழையது. சட்டமாக இதற்கு மதிப்பில்லை.

இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989லேயே திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் 25.3.1989க்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள் அதில் சேரவில்லை. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா என்ற கேள்வியே இல்லை. திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 20.12.2004க்கு முன்பே பத்திரம் பதிந்தோ நீதிமன்றத் தீர்ப்பின்படியோ பாகம் பிரிந்திருந்தால் அதைக் கிளற முடியாது. அப்பா தானே சம்பாதித்த சொத்தை அவர் விருப்பப்படி உயில் எழுதலாம். உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனும் மகளும் சமம். முஸ்லிம் குடும்பங்களில் மகள் பங்கு மகன் பங்கில் பாதி. எங்கேயும் கல்யாணம் பங்கைக் கரைப்பதில்லை.

கவனிக்க வேண்டியது விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம். கோயில் கொடைக்கோ வேறு விசேஷத்துக்கோ வந்திருக்கும் அக்கா தங்கைகளை, ‘சும்மா ஒரு கையெழுத்துதான்’ என்று பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போவார்கள். அந்தக் கையெழுத்துதான் பங்கைக் கரைப்பது. விருப்பப்பட்டு விட்டுக்கொடுத்தால் அவரவர் பாடு. படித்துப் பார்க்காமல் போட வேண்டாம்.

இனிஷியலை மாற்றியாக வேண்டுமா?

வேண்டாம். அப்பா பெயரின் முதலெழுத்தையே வைத்துக்கொள்ளலாம், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ரேஷன் கார்டில் மட்டும் பிறந்த வீட்டில் பெயரை நீக்கிவிட்டுப் புது வீட்டில் சேர்க்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8.

மறுவீட்டுக்கும் இந்தச் சொல்லுக்கும் என்ன தொடர்பு?

கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து மறுவீடு. நெல்லைச் சைவ வீடுகளில் அன்றைக்குச் சொதி கட்டாயம்: தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, காய்கறி, எலுமிச்சை பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் சொதியைப் பற்றிக் கேட்காமல் யாரும் கேள்வியை முடிப்பதில்லை, அதனால் சேர்த்திருக்கிறேன்.

பிரிந்துவிட்டால் என்ன சொல்வது?

இதற்கு நேர் எதிர்ச்சொல் இல்லை. ‘தீத்து விட்டாச்சு’ என்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உறவை முடித்துக்கொள்ளும் வழக்கம் சில சமூகங்களில் இருந்ததால் வந்த பேச்சு. அப்படி வழக்கத்தில் உள்ள மணமுறிவை 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் விட்டுவைத்திருக்கிறது, ஆனால் அந்த வழக்கம் இருப்பதை நிரூபிக்க வேண்டும். மற்ற இந்துக்களுக்கு நீதிமன்றம்தான். ‘வாழாவெட்டி’ என்ற சொல்லை எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் தூக்கிவிடலாம். ‘பிரிந்து இருக்கிறார்’ என்றால் போதும்.

கல்யாணப் பத்திரிகையில் போடலாமா?

போடுவதில்லை. பத்திரிகை அந்த ஒரு நாளுக்கானது. அங்கே திருவளர்செல்வன், திருவளர்செல்வி, சுபமுகூர்த்தம் என்று தனி மொழி.

எழுதும்போது ‘வாழ்க்கைபடு’ என்றா, ‘வாழ்க்கைப்படு’ என்றா? ‘வாக்கப்பட்டு’ என்பது வாக்குக் கொடுத்ததிலிருந்து வந்ததா?

‘ப்’ வேண்டும்: வாழ்க்கைப்படு, வாழ்க்கைப்பட்டாள். ‘வாக்கப்பட்டு’ வாக்கிலிருந்து வந்ததில்லை. தாழ்ப்பாள் பேச்சில் ‘தாப்பா’ ஆனபோது ழகரம் விழுந்தது அல்லவா, அதே கதைதான் இங்கும். எழுத்து நடையில் முழு வடிவத்தைப் போடுங்கள். யாராவது பேசுவதாக எழுதும்போது ‘வாக்கப்பட்டு’ என்றே விடுங்கள், திருத்த வேண்டாம்.